கெவினின் கொடியும் எங்கள் தெருவும்

1

இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் குடிவந்த நாள் ஆகஸ்ட் கடைசியில் வரும். வருடம் தவறாமல் அன்றைக்குப் பாயசம் வைப்பேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். மகள் நிலா பால் சேர்த்த எதையும் தொடுவதில்லை. ஆக விழா எடுப்பவளும் நான்தான், பாயசத்தைக் குடித்துத் தீர்ப்பவளும் நான்தான். இந்த வருடம் பால் வாங்கக் கிளம்பி வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தெரு முழுக்க விளக்குக் கம்பங்களில் கொடி ஏறியிருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, இங்கிலாந்தின் கொடி.

பாபநாசத்துப் பக்கம் பிறந்தவளுக்குக் கொடி ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊர் முக்கூட்டில் கட்சிக் கொடி, சங்கக் கொடி, சாதிக் கொடி என்று கம்பங்கள் கரும்புக் கொல்லை மாதிரி நிற்கும். பொது இடத்துக் கொடிக்கம்பங்களை எடுக்கச் சொல்லி அங்கே நீதிமன்றம் உத்தரவு போட்டதாகப் படித்துச் சந்தோஷப்பட்ட அதே வருடத்தில்தான் இங்கே ஏற ஆரம்பித்திருக்கிறது. இந்த நாட்டில் கால்பந்துப் போட்டி நடந்தால் கொடி கட்டுவார்கள். இப்போது கால்பந்தும் இல்லை. அகதிகளைத் தங்கவைத்திருக்கும் ஓட்டல்களின் முன்னால் கூட்டம் கூடிக் கத்துவதைத்தான் தொலைக்காட்சியில் தினமும் காட்டினார்கள். நிரந்தரமாகத் தங்குவதற்கான விதிகளை இறுக்கப் போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. மருத்துவமனை மருந்தகத்தில் என்னோடு வேலை பார்க்கும் கேரளத்துப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வேறு எதையும் பேசுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் ஏணி போட்டுக் கொடி கட்டிக்கொண்டிருந்தவர் கெவின். பக்கத்து வீட்டுக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிலுவைக் கொடியைக் கட்டினாலும் தேவாலயப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். நாங்கள் இந்தியா போயிருக்கும்போது எங்கள் குப்பைத் தொட்டியை வாரம் தவறாமல் தெருவுக்கு இழுத்து வைப்பவர். பனியில் வழுக்கி என் வீட்டுக்காரர் காலை முறித்துக்கொண்டபோது ஆம்புலன்சுக்குக் காத்திராமல் தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனவர். நல்ல மனிதர். இந்தக் குறிப்பின் தொல்லையே அதுதான்.

என்னைப் பார்த்ததும் ஏணியில் நின்றபடியே சொன்னார்: "இது உங்களுக்கு எதிரா இல்ல வசந்தி. நீங்க வேலை பாக்கறீங்க, வரி கட்டறீங்க. நீங்க நம்ம ஆளு."

"தேங்க்ஸ் கெவின்" என்றேன்.

கடைக்குப் போய்ப் பால் வாங்கி, திரும்பி வந்து, சேமியாவை நெய்யில் வறுக்கும்போதுதான் சுருக்கென்றது. எதற்கு நன்றி சொன்னேன்? என் தெருவில் நான் இருக்கலாம் என்று இன்னொருத்தர் அனுமதி தருகிறார், அதற்குப் பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சேமியா கருகிப்போயிற்று. இந்த வருடப் பாயசம் அத்தோடு சரி.

நிலா அந்த வார இறுதியில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். வெறுப்புக்கு எதிராக ஊர்வலம் போகிறார்களாம். என் சாப்பாட்டு மேசையில் அட்டையைப் பரப்பி எழுத்துகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவே தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அம்மா, நம்ம ஊர்ல நாம யாரு? கொடி பிடிச்சு மார்ச் பண்றவங்களா, அவங்களை எதிர்த்து கவுன்ட்டர் மார்ச் பண்றவங்களா?"

"நம்ம ஊர்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

2

அடுத்த வாரம் ராஜகுமாரியின் குரல் பதிவு வந்தது. ராஜகுமாரி என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். போன தடவை எங்கள் ஊராட்சித் தலைவராக இருந்தவள். போனில் என்னை வாடி போடி என்பாள். ஊருக்குப் போனால், எங்கள் தெருவில் நாலு பேர் நிற்கும்போது, "எப்ப வந்தீங்க, சௌக்கியமா?" என்று கேட்பாள். அந்த 'ங்க' எனக்கு ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அவளுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டதில்லை.

எங்கள் ஊரை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். மெயின் ரோட்டிலிருந்து ஒரே ஒரு தார்ச்சாலை உள்ளே வருகிறது. முதலில் வருவது ராஜகுமாரியின் தெரு. அடுத்து எங்கள் தெரு, நடுவில் கோயில். எங்கள் தெரு முடிந்ததும் வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு சுடுகாடு, இடையில் ஒரு கள்ளி வேலி. செத்த பிறகும் கலந்துவிடக் கூடாதில்லையா. எங்கள் தெருவில் யாராவது இறந்தால் பாடை தார்ச்சாலையில் நேராகப் போய்ப் பாலத்தைத் தாண்டிவிடும். ராஜகுமாரி தெருவில் இறந்தால் பாடை எங்கள் தெரு முனையில் இடதுபக்கம் இறங்கி, மேலக்காணி என்கிற எங்கள் வயலின் வரப்பில் ஏறி, வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் கடந்து அந்தக் கரைக்குப் போக வேண்டும். கேட்டால், கோயில் இருக்கிற தெரு, சாமி வருகிற தெரு என்பார்கள். எங்கள் வீட்டுப் பிணங்கள் அதே கோயில் வாசலைத் தாண்டிப் போகும்போது மட்டும் சாமி கண்ணை மூடிக்கொள்ளும் போலிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் தெருவைத் தாண்டும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். கோயில் நடையும் சாத்தியிருக்கும். வீட்டுக் கதவுகள் மட்டும் திறந்திருக்கும், எல்லோரும் வாசலில் நின்று வழியனுப்புவார்கள். ஆகாத பங்காளி இறந்தாலும் சரி, காபித் தண்ணி கூடக் கிடையாது. பசியில் அழுத என்னை அம்மா, "தெருவுல சாவு, வாயைப் பொத்திக்கிட்டு இரு" என்று அதட்டியது நன்றாக நினைவிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராஜகுமாரி தெருவில் பறைச்சத்தம் கேட்ட நாட்களில் எங்கள் வீட்டில் தோசை வெந்துகொண்டிருக்கும். அது வேறு தெருவாம்.

குரல் பதிவில் ராஜகுமாரி சொன்னாள்: "போன அடைமழையில எங்க சின்ன மாமனாரைத் தூக்கிட்டுப் போனோம்ல வசந்தி, உங்க வயல்லதான், முன்னாடி தூக்குனவருக்குக் கால் வழுக்கிடுச்சு. பாடை சாஞ்சு ஆளு சேத்துல விழுந்துட்டாரு. நட்ட பயிரு மேல. மூஞ்சியெல்லாம் சேறு. அப்படியே தொடச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. அதைக் கேள்விப்பட்டதிலேருந்து எங்கம்மா தூங்க மாட்டேங்குது. இப்ப படுத்த படுக்கையா ஆயிடுச்சு. வாயைத் தொறந்தா ஒண்ணே ஒண்ணுதான், 'என்னைச் சேத்துல போட்ராதடி.' நான் என்னத்தடி சொல்றது? தாலுகா ஆபீஸ்ல மறுபடி சமாதானக் கூட்டம் போடுறாங்க. பாக்கலாம். சும்மா, உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அவள் அம்மா அஞ்சலையை எனக்குத் தெரியும். உரத்த குரல், ஆளை உரசிப் பேசுகிற வாய். எங்கள் வயலில் நாற்று நடும்போது கரையில் குடை பிடித்து நின்ற என் அப்பாவைப் பார்த்து, "பண்ணையாரே, நெழல்ல நின்னா கறுத்துடுவீங்க, வெயில்ல நில்லுங்க" என்றவர். அந்த வாய்க்குப் பயந்தே அப்பா சாயங்காலம்தான் வயலுக்குப் போவார். அந்த அஞ்சலைதான் இப்போது கெஞ்சுகிறார்.

குரல் பதிவை மூன்றாம் தடவை கேட்டபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. பிரமாதமான யோசனை என்று அப்போது நினைத்தேன்.

3

அப்பா இறந்தபோது, பெண்பிள்ளைகள் பங்கு வேண்டாம் என்று வழக்கமாகப் போட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை நான் போட்டுக்கொடுக்கவில்லை. சொத்தாசை இல்லை, ரோஷம். சட்டம் சமபங்கு என்று சொன்ன பிறகும், "அதான் நகை போட்டாச்சே" என்று சித்தப்பா சொன்னாரே, அந்தச் சொல்லுக்கான ரோஷம். அதனால் மேலக்காணியும் வீடும் இன்றுவரை அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் கூட்டுப் பட்டா. பயிர் செய்வது அண்ணன். நெல்லோ காசோ நான் கேட்டதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, "எப்பம்மா கையெழுத்துப் போடுறே?" என்று அண்ணன் கேட்பார், "போடுறேண்ணே" என்பேன். இருவருக்கும் அது நலம் விசாரிப்பு மாதிரி ஆகிவிட்டது.

அண்ணனைக் கூப்பிட்டேன். சண்டைக்குத் தயாராக, பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு.

"அண்ணே, மேலக்காணியில வரப்பு ஓரமா ஒரு பாதைக்கு இடம் விட்டுடுவோம். மண்ணு கொட்டி மேடாக்கி, வாய்க்கால்ல ஒரு நடைப்பாலம் போட்டுட்டா, அந்தத் தெரு ஜனங்க பாடையைச் சேத்துல தூக்கிட்டுப் போக வேண்டாம். என் பங்குலேருந்து எடுத்துக்குங்க."

அண்ணன், "நல்ல காரியம்மா" என்றார். "குறுவை அறுத்துட்டோம். சம்பா நடவுக்கு முன்னால மண்ணு கொட்டிடலாம். நான் பேசிக்கிறேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. அழுகையே வந்துவிட்டது. அண்ணனைப் பற்றி இத்தனை வருடம் என்ன நினைத்திருந்தேன்! வீட்டுக்காரரிடம் சொன்னேன், நிலாவிடம் போனில் சொன்னேன். அவள், "அம்மா, தட்ஸ் ஹ்யூஜ்" என்றாள். பிள்ளை என்னைப் பாராட்டி எவ்வளவு காலமாயிற்று.

மூன்றாம் நாள் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. ஊர் முக்கூட்டில் பிளெக்ஸ் பேனர். எந்தக் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தார்களோ, பட்டுப்புடவையில் என் படம். "மயானப் பாதைக்கு மனமுவந்து நிலம் தந்த இங்கிலாந்து வாழ் ஈகைச் செல்வி" என்று கீழே எழுத்து. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறது, நான் செல்வி. குழுவில் கைதட்டலும் பூங்கொத்துமாகக் குவிந்தது. என் பெயரைச் சொல்லி ஒரு நல்ல வார்த்தை பேசியிராத சித்தப்பா, "குடும்ப மானத்தைக் காப்பாற்றினாய் மகளே" என்று எழுதியிருந்தார்.

குடும்ப மானம் எங்கிருந்து இதற்குள் வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பட்டுப்புடவை நன்றாக இருந்தது.

4

ராஜகுமாரி கூப்பிட்டாள். நான் நன்றியை எதிர்பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எடுத்தேன்.

"யாருகிட்ட கேட்டுக்கிட்டு நெலம் குடுத்தே?"

"என்னடி?"

"இன்னைக்குச் சமாதானக் கூட்டம் முடிஞ்சுபோச்சு. உங்க ஆளுங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'அவங்களுக்குத்தான் தனிப் பாதை குடுத்தாச்சே, இனி எதுக்குத் தெரு வழியா வரணும்?' தாசில்தாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாங்க கேட்டது தார் ரோடு வசந்தி. அரசாங்கம் போட்ட ரோடு. எங்க தெரு ஆளுங்க ஜல்லி கொட்டிப் போட்ட ரோடு. அதுல உசுரோட நடக்கலாம், செத்தா நடக்கக் கூடாதா? உன் வயலுக்குள்ள ஒரு சந்து கேட்டு எவ அழுதா?"

"உங்கம்மா சேத்துல விழக் கூடாதுன்னுதானே..."

"எங்கம்மா சேத்துல விழக் கூடாது. அவ்வளவுதான் உனக்குத் தெரிஞ்சது. பாதை போட்டுட்டா சேறு போயிரும், சரி. தீட்டு போயிருமா? உன் நெலத்தை வெச்சு எங்க வழியை அடைச்சிட்டேடி."

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன், நன்றாகவே வந்தது. சொந்த நிலத்தைக் கொடுக்கிறேன், பேச்சு வேறு வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். "உதவி பண்ணவளைப் பாத்துப் பேசுற பேச்சா இது?" என்று கேட்டே விட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கோபத்தோடு ஜன்னலோரம் நின்றபோது கெவினைப் பார்த்தேன். கொடியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பல நாளாக மனதில் இருந்தது. அன்றைக்கு வீம்பில் வெளியே போய்ச் சொல்லிவிட்டேன். காலையில் கதவைத் திறந்ததும் அந்தக் கொடி என்னை யார் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது, என் மகளுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை என்றேன்.

கெவின் முகம் சிவந்தது. "ஐயோ, உங்களைப் புண்படுத்தணும்னு நான் நினைக்கவே இல்ல" என்றார். உடனே ஏணியைக் கொண்டுவந்தார். எங்கள் எதிர்க் கம்பத்துக் கொடியைக் கழற்றினார். நான் மறுபடியும் நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்து டீ போட்டேன். டீயோடு ஜன்னலுக்கு வந்தால், ஏணி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அதே கொடியை அவர், ஆப்பிரிக்காவின் எரித்திரியாவிலிருந்து அகதியாக வந்த பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கும் வீட்டு வாசல் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. இப்போது இரண்டு.

என்னைப் பார்த்துக் கையசைத்தார். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. பிளெக்ஸ் பேனரில் எனக்கும் அதே முகம்தான்.

நிலா கேட்டதற்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது. எங்கள் ஊரில் நான் கெவின். ஏணியோடு நிற்கிறேன். எல்லோருக்கும் நல்லவளாக, யார் மனமும் நோகாமல், கொடியை ஒரு கம்பம் தள்ளிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் ஏன் உடனே சம்மதித்தார் என்பதும் விளங்கிவிட்டது. வயலில் ஒரு துண்டைக் கொடுத்தால் தெரு தப்பிக்கும். எங்கள் ஊர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க என் ஈரமனசு வசதியாகக் கிடைத்திருக்கிறது.

அரசாங்கப் பதிவுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது அதை எல்லோருக்கும் அனுப்பியவள் நான். நல்ல செய்திதான், இப்போதும் சொல்வேன். ராஜகுமாரி தெருவுக்குப் பலகையில் புதுப்பெயர் வந்துவிட்டது. பாடை மட்டும் பழைய இடத்தில் இடதுபக்கம் திரும்புகிறது.

5

மறுநாள் நான்தான் கூப்பிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. "என்ன பண்ணணும் சொல்லு" என்றேன்.

"உங்க தெருவுல வீடு வெச்சிருக்கிற ஒரு ஆளாவது, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். சட்டப்படி தேவையே இல்ல. ஆனா தாசில்தார், 'தெருவே ஒட்டுமொத்தமா எதிர்க்குது, நான் என்ன பண்றது'ன்னு கையை விரிக்கிறாரு. ஒருத்தர் மாத்திச் சொல்லிட்டா அந்த ஒட்டுமொத்தம் உடைஞ்சிடும். வீட்டுல உனக்குப் பங்கு இருக்குல்ல?"

இருக்கிறது. சித்தப்பாவின் மேலுள்ள ரோஷத்துக்கு இப்படி ஒரு உபயோகம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

கையெழுத்துக்குச் சான்று வாங்க ரயிலேறி நகரத்திலுள்ள இந்தியத் தூதரகச் சேவை மையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், எதற்காக என்று கேட்டாள். சொத்து விற்பனையா, தானமா, அதிகாரப் பத்திரமா, ஓய்வூதியமா? எதுவும் இல்லை என்றேன். தாளை வாங்கிப் படித்தாள். எங்கள் தெரு வழியாகச் சவ ஊர்வலம் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தேன். திரும்பவும் படித்தாள்.

"மேடம், யாரோட சவம்?"

"யாரோடதா இருந்தாலும்."

அவள் 'இதர' என்பதில் ஒரு டிக் போட்டுவிட்டு, போட்டோவில் என் காது சரியாகத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினாள். கீழ்த்தளத்தில் போய்க் காது தெரிய இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணனிடம் நானே சொன்னேன். ஊரார் சொல்லித் தெரியக் கூடாது.

"உனக்கு என்னம்மா? நீ அங்க உட்காந்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருவே" என்றார் அண்ணன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெருவுல குடியிருக்கிறது நான். நாளைக்கு நடவுக்கு ஆளு கூப்பிடணும், மடையில தண்ணி வாங்கணும், பையனுக்குப் பொண்ணு பாக்கணும். எவன் என் மூஞ்சில முழிப்பான்? நீ ஜெயிச்சிடுவே. தோக்கிறது நான்."

"நீங்களும் சேந்து போடுங்கண்ணே. ரெண்டு பேரா தோப்போம்."

"போனை வை" என்றார்.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. என் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர் அவர்தான். ஆனால் அவருடைய பயத்தையும் அஞ்சலையின் பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் பயப்படுவது தெருக்காரர்கள் தன்னிடம் பேசமாட்டார்களே என்று. அந்த அம்மாள் பயப்படுவது தன் பிணம் சேற்றில் கிடக்குமே என்று. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

தெரு வாட்ஸப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சித்தப்பா என் வாழ்நாளுக்கும் போதுமான வசவை ஒரே குரல் பதிவில் அனுப்பினார். பிளெக்ஸ் பேனரை இறக்கி யாரோ வைக்கோல் போரை மூடியிருப்பதாக ராஜகுமாரி படம் அனுப்பினாள். "மழைக்கு ஒரு சொட்டு எறங்கல, நல்ல உபயோகம்டி நீ" என்று கீழே எழுதியிருந்தாள்.

6

கார்த்திகையில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்தபோது, அஞ்சலை இறந்துபோனார். மகளிடம் கடைசியாக என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

தாலுகா ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள், போலீஸ் ஜீப் வந்தது. எங்கள் தெரு முனையில் கொஞ்ச பேர் குறுக்கே நின்றார்களாம். தாசில்தார் ஒரு தாளைக் காட்டி, உங்கள் தெருவிலேயே எல்லோரும் எதிர்க்கவில்லையே என்றாராம். முணுமுணுத்துக்கொண்டே கலைந்துவிட்டார்களாம். என் தாள்தான் அந்தத் தாள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஜீப்பும் கலைத்திருக்கலாம், மழையும் கலைத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிடுவார்கள், சுடுகாட்டுக்குப் போவதில்லை. ராஜகுமாரி நிற்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பாடைக்குப் பின்னாலேயே நடந்தேன் வசந்தி. தார் ரோட்டுல. கால்ல ஒரு பொட்டு சேறு படல. கோயில் வாசலைத் தாண்டும்போது யாரும் ஒரு வார்த்தை பேசல. எங்கம்மா முகத்துல மழைத்தண்ணிதான், சேறு இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் இந்தப் பக்கம் அழுதேன். கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். கேட்காமலே விட்டிருக்கலாம்.

"எங்க வீடு?"

"சாத்தித்தான் இருந்துச்சு. தெரு பூரா சாத்தித்தான் இருந்துச்சு."

அண்ணன் திறந்து வைத்திருப்பார் என்று எதற்காக எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. எதிர்பார்த்திருக்கிறேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே எரித்திரியப் பெண் வீட்டுக் கம்பத்தில் இரண்டு கொடிகளும் மழையில் நனைந்து கம்பத்தோடு சுருண்டு கிடந்தன. முந்தின வாரம்தான் கெவினிடம் போய், என் வாசலில் வேண்டாம் என்று நான் கேட்டது தப்பு, தெருவிலேயே வேண்டாம் என்று கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறார். குப்பைத் தொட்டியை நானே இழுத்து வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் அண்ணி கூப்பிட்டார். கையெழுத்து விவகாரத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன். கொல்லைப்பக்கம் நின்று பேசினார் போல, கோழிச் சத்தம் கேட்டது.

"வசந்தி, நல்லாருக்கியா? அண்ணன் வெளிய போயிருக்காரு. ஒண்ணு சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். நேத்து நான் அடுப்பு மூட்டல."

"என்ன அண்ணி?"

"அந்தம்மாவை எடுத்துட்டுப் போறவரைக்கும் நம்ம வீட்டுல அடுப்பு மூட்டல. காலையில அண்ணன் வழக்கம்போல காபி கேட்டாரு. தெருவுல சாவுங்க, தாண்டட்டும், தர்றேன்னேன். என்னையே பாத்தாரு. சண்டைதான் வரப்போகுதுன்னு நெனைச்சேன். ஒண்ணும் சொல்லல. கதவைச் சாத்திட்டு நாற்காலியைப் போட்டு உட்காந்துட்டாரு. பேப்பரை விரிச்சு வெச்சிருந்தாரு, படிக்கல. அவங்க பாலம் தாண்டிப் போயி, அப்புறம் நான் குளிச்சு அடுப்பு மூட்டி, பதினோரு மணிக்கு மேலதான் காபி குடிச்சாரு. காலையில காபி இல்லாட்டி தலைவலி வந்துடும் அவருக்கு, உனக்குத் தெரியும்ல. வாயைத் தொறந்து கேக்கல வசந்தி. ஒரு தடவைகூடக் கேக்கல."

எங்கள் வீட்டில், அஞ்சலைக்காக, அடுப்பு மூட்டவில்லை. அண்ணி, "சரி, வெக்கிறேன், அவரு வந்துட்டாரு போல" என்று வைத்துவிட்டார்.

உடனே ராஜகுமாரிக்குப் போன் போட்டேன். அண்ணி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன், பேப்பரைச் சொன்னேன், கேட்காத காபியைச் சொன்னேன்.

"அடுப்பு மூட்டலையா?" என்றாள் கடைசியில்.

"மூட்டலடி."

அவள் வீட்டு ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி" என்றாள். "அடுத்த சாவுக்குக் கதவையும் தொறந்து வெக்கச் சொல்லு."